சோலாருக்கு எந்த பேட்டரி: டியூபுலரா, லித்தியமா?

கூரையில் பேனல் இருந்துவிட்டால் கரண்ட் போனாலும் கவலை இல்லை என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது), லைன் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்ப்பவர் மீது நம் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதே! ஆக, பேட்டரி வேண்டும். எது?

ஆறு வருடம் டியூபுலர் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி வைத்திருந்தேன். இப்போது மூன்று வருடமாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட். என் ஓட்டு லித்தியத்துக்குத்தான்.

வாங்கும் விலை டியூபுலரில் குறைவு, எடை லித்தியத்தில் குறைவு. தெரிந்த கதைதான். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது சலிப்பு, ஆனால் அதற்காக நான் மாறவில்லை.

மாற வைத்தது அரைகுறை சார்ஜ். லெட் ஆசிட் முழுதாக நிரம்பாமல் நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் இழந்த கொள்ளளவு பெரும்பாலும் திரும்பாது. அதிலும் கடைசி 20 சதவீதத்தை அது ஆற அமரத்தான் வாங்கும், சில மணி நேரம் பிடிக்கும். புயலுக்குப் பிறகு லைனும் இல்லை, வானமும் மூட்டம் என்றால்? பகலில் பாதி ஏறும், இரவில் அதுவும் இறங்கும். என் பழைய செட் அப்படி ஒரு வாரத்தில்தான் படுத்தது. லித்தியத்துக்குப் பாதி சார்ஜில் கிடப்பது ஒரு பொருட்டே இல்லை.

கணக்கும் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்ப் ஹவர் டியூபுலரில் இருப்பது 1.8 யூனிட். ஆயுள் கருதிப் பாதிதான் எடுப்போம், 0.9. 12.8 வோல்ட், 100 ஆம்ப் ஹவர் லித்தியத்தில் 1.28 யூனிட். 80 சதவீதம் எடுத்தாலே ஒரு யூனிட் தேறும்.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே இருந்து பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ் போர்டு மக்கர் செய்தால் மொத்தப் பெட்டியும் கப்சிப். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. பழைய இன்வெர்ட்டரோடு சேர்ப்பதானால் அதில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈக்வலைசேஷன் (லெட் ஆசிட்டுக்காக அவ்வப்போது கூடுதல் வோல்டேஜில் சார்ஜ் ஏற்றுவது) கண்டிப்பாக ஆஃபில் இருக்க வேண்டும். ஆயுள் ஆயிரக்கணக்கான சைக்கிள் (சார்ஜ் ஏறி இறங்கும் சுற்று) என்கிறார்கள், சரி. என் அனுபவம் மூன்று வருடம்தான், பத்தாம் வருடத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

உங்களுக்குக் கரண்ட் எப்போதாவது ஒரு மணி நேரம்தான் போகிறது, உடனே வந்துவிடுகிறது என்றால் டியூபுலரே போதும். லைனிலிருந்தே அது தினமும் முழுதாக நிரம்பிவிடும்.