சீலியாக் உள்ளவங்க குடிக்கிற மீல் ரீப்ளேஸ்மென்ட் ஷேக், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தேடினதுல தேறினது எது

எனக்கு சீலியாக். கோதுமை, பார்லி, ரை எதுல இருந்து குளூட்டன்ங்கிற புரதம் உள்ள போனாலும் சிறுகுடல் உள்சுவர் பாழாகும், மாத்திரை போட்டா அடங்குற சங்கதி இல்ல. வேலை முடிஞ்சு கேஎல் சென்ட்ரல் (கோலாலம்பூர் ரயில் நிலையம்) வந்து இறங்கினா கண்ணுக்கு படுறதெல்லாம் ரொட்டி சானாயும் மீ கோரிங்கும்தான், ரெண்டுமே கோதுமை, அதான் சாப்பாட்டுக்கு பதிலா குடிக்கிற ஷேக் பக்கம் போனேன்.

மோசமானத முதல்ல சொல்லிடுறேன். நம்மாளுங்க காலையில பசியாற போற ஷேக் கடைங்க இருக்குல்ல, அதுல ஒன்னுல (பேர் வேணாம்) "குளூட்டன்லாம் இல்லண்ணே, நம்பி குடிங்க"ன்னு அந்த தங்கச்சி சொல்லிக்கிட்டே மைலோ டின்ல கிடந்த ஸ்கூப்ப எடுத்து என் பவுடர்ல விடுது, ஓரத்துல பழுப்பா ஒட்டியிருக்கிறது எனக்கு நல்லாவே தெரியுது. மைலோவுல பார்லி மால்ட் இருக்கு. பிளெண்டரும் அப்படித்தான், தண்ணி ஊத்தி ஒரு சுத்து, அடுத்த ஆளுக்கு ரெடி. அந்த பொண்ண திட்டி என்ன பண்றது, யாரும் சொல்லிக்குடுத்திருக்க மாட்டாங்க. காசு குடுத்துட்டு குடிக்காம வந்துட்டேன்.

அடுத்து பார்மசி. மல்டிகிரெயின் பவுடர் டப்பாங்கதான் பெரிய வில்லன், முன்னாடி பச்சை இலை படம், கொலஸ்ட்ரால் இல்ல சர்க்கரை இல்லனு பெருமை, திருப்பினா பார்லி, ஓட்ஸ், கோதுமை எல்லாம் வரிசையா நிக்கும். மலேசியாவோட 1985 உணவு ஒழுங்குமுறைப்படி குளூட்டன் உள்ள தானியத்த லேபிள்ல போட்டே ஆகணும், அதனால மலாய்ல கண்டும் (gandum, அதாவது கோதுமை), பார்லி, ஓட், மால்ட்னு இருக்கானு பின்பக்கத்த படிங்க. மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு பயப்பட வேணாம், பேர் அப்படி இருந்தாலும் அது மால்ட் இல்ல. "குளூட்டன் ஃப்ரீ"ன்னு போட கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர விதி) அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, அப்படி தெளிவா போட்ட டப்பாவத்தான் நான் தொடுவேன். இன்னொன்னு, வெனிலா ஓகேன்னா சாக்லேட்டும் ஓகேன்னு எடுத்துடாதீங்க, குக்கீஸ் சுவைல பிஸ்கட் தூளே இருக்கலாம், ஒவ்வொரு சுவைக்கும் லேபிள் தனி.

குடிச்சதுல என்ஷூர் வெனிலா வழவழன்னு இறங்குது, ஆனா இனிப்பு ஓவர்லா, பாயசம் மாதிரி. பால் புரோட்டீன் இருக்கு. புதுசா சீலியாக்னு தெரிஞ்சவங்களுக்கு குடல் ஆறுற வரைக்கும் பால்ல இருக்கிற சர்க்கரையான லாக்டோஸும் ஒத்துக்காம போகலாம், அவங்க அதையும் சேர்த்து பார்க்கணும்.

அண்ணன் மக லண்டன்ல இருந்து ஹியூல் பிளாக் எடிஷன்னு ஒரு ஷேக் பவுடர் கொண்டு வந்தா. சாதா ஹியூல்ல ஓட்ஸ் இருக்கு, பிளாக்ல கிடையாது, பட்டாணி, பழுப்பரிசி புரோட்டீன், ஆளி விதைதான். ரெண்டு ஸ்கூப்ல 400 கலோரி, 40 கிராம் புரோட்டீன், மதியம் வரைக்கும் பசியே தெரியல. உடனே குடிச்சா நாக்குல நறநறன்னு இருக்கும், ராத்திரியே கலக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டா காலையில கெட்டியா நல்லாருக்கு. சொந்த ஷேக்கர்ல மட்டும்தான் கலக்குறேன், வீட்டுல யாருக்கும் கடன் குடுக்கறதில்ல.

என் மார்க் பிளாக் எடிஷனுக்கு 5க்கு 4, என்ஷூருக்கு 3. பிளாக்குக்கு அந்த ஒன்னு குறைஞ்சது ஏன்னா நான் போற பார்மசி எதுலயும் அது இல்ல, அடுத்த பாக்கெட்டுக்கு அண்ணன் மக லீவுல வரணும்.