கோஸ்ட் இன் த ஷெல்: மாங்காவா, படமா, தொடரா?

கோஸ்ட் இன் த ஷெல் என்ற ஜப்பானிய அறிவியல் புனைகதையின் பக்கம் புதிதாக வருபவருக்கு முதல் தலைவலி, எதில் தொடங்குவது என்பதுதான். மசமுனே ஷிரோவின் மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 1989இல் வரத் தொடங்கியது. 1995இல் மமோரு ஓஷீ அதைப் படமாக்கினார். 2002இல் கென்ஜி காமியாமா இயக்கத்தில் ‘ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் ஆரம்பித்தது. அப்புறம் 2013இல் ‘அரைஸ்’, 2017இல் ஹாலிவுட் படம், 2020இல் நெட்ஃபிளிக்ஸில் ஒரு 3டி தொடர். வெளியான வரிசையில் பார்த்துக்கொண்டே போனால் ஒரே கதை வளரும் என்று நினைத்துவிடாதீர்கள். மூளையிலேயே கருவி பொருத்தி வலையோடு இணைத்துக்கொள்ளும் ஓர் எதிர்காலம், மேஜர் மோடோகோ குசனாகி, பாட்டோ, டோகுசா, தலைவர் அரமாகி, இவர்கள் வேலை பார்க்கும் ஒன்பதாம் பிரிவு என்ற போலீஸ் படை, இவ்வளவுதான் பொது. அதே ஆட்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தன் போக்கில் ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள்.

இதில் உண்மையான போட்டி முதல் மூன்றுக்குள்தான். மூன்றையும் இரவல், வாடகை என்று எப்படியெப்படியோ பார்த்து முடித்த பிறகு நான் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டது தொலைக்காட்சித் தொடரை. ஆகவே இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஓவியத்தில் படம்தான் மேல், அதில் பேச்சே இல்லை. தொடரில் சில எபிசோடுகளில் முகங்கள் தட்டையாக இருக்கும். கணினியில் செய்த வண்டிகளில் 2002இன் வயது தெரியும். படம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, தொடரின் முதல் சீசன் மட்டும் 26 எபிசோடு. இசையில் படத்தின் கென்ஜி கவாயா, தொடரின் யோகோ கன்னோவா என்று கேட்டால் எனக்கு இரண்டு பேரும் வேண்டும். சரி, மேலே போவோம்.

மாங்காவுக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்ட ஒரு குப்பை வண்டிக்காரன் போதும். மனைவி தன்னை விட்டுப் போகப் போகிறாள், மகளைப் பார்க்கவிட மாட்டேன் என்கிறாள் என்று புலம்புகிறவன். யாரோ சொல்லிக்கொடுத்தபடி, அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஊரெங்கும் நின்று நின்று ஹேக் செய்கிறான். பிடித்துக்கொண்டு வந்து விசாரித்தால், அவனுக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை. தனியாக ஓர் அறையில் வாழ்கிறவன். அந்தக் குடும்பமே மூளைக்குள் யாரோ ஏற்றிவிட்ட பொய் நினைவு. மகள் படம் என்று சக ஊழியரிடம் காட்டிய புகைப்படத்தில் மகளே கிடையாது.

ஷிரோவின் மாங்காவில் இது ஒரு வழக்கின் நடுவே வரும் ஒரு திருப்பம். அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம், அங்கே வேறு ரகளை காத்திருக்கும். ஓஷீ அப்படி விடவில்லை. விசாரணை அறையில் அவன் முகத்தையே பார்க்க வைக்கிறார். இந்த நினைவை அழிக்க முடியுமா என்று அவன் கேட்க, நம்பிக்கையான பதில் வருவதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் மேஜருக்கும், உடம்பு முழுக்கச் செயற்கையான தனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதை அவள் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே நமக்குப் புரிந்துவிடும். 2017 படத்திலும் இதே ஆள் வருகிறான். அங்கே அவன் நாயகியின் திருடப்பட்ட கடந்தகாலத்துக்கு வழிகாட்டிப் பலகையாக மட்டும் நிற்கிறான்.

படம் பார்த்துவிட்டு மாங்காவைத் திறப்பவர்கள் சற்றுத் திகைப்பார்கள். படத்தில் கண்ணிமைக்காமல் பேசும் மோடோகோ இங்கே முகத்தைக் கோணுகிறாள், சிரிக்கிறாள், மேலதிகாரி அரமாகியைக் கிழட்டுக் குரங்கு என்கிறாள். ஃபுச்சிகோமா என்ற சிலந்தி வடிவ ரோபோக்கள் மனிதர்களுக்கு எதிராகக் கலகம் செய்யலாமா என்கிற அளவுக்கு வாயாடுகின்றன. பக்க ஓரங்களில் ஷிரோ பொடி எழுத்தில் துப்பாக்கியைப் பற்றியும் மூளையைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் குறிப்பு எழுதித் தள்ளுகிறார். கதையை விட்டுவிட்டு அவருடைய மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கேட்பது போலிருக்கும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் வழக்குகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. யார் யாரைச் சுட்டார்கள் என்று தெரிய பின்னால் புரட்ட வேண்டியிருக்கிறது. முதல் கதவாக இதைத் திறக்கச் சொல்ல மாட்டேன்.

ஓஷீயின் படத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஹாங்காங்கை மாதிரியாக வைத்து வரைந்த நகரம், கால்வாயில் படகில் போகும் மேஜர், மழை, விளம்பரப் பலகைகள், வசனமே இல்லாமல் ஏறக்குறைய மூன்று நிமிடம் கவாயின் கூட்டுக்குரல் பாட்டு. படகில் போகிறவள் நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் தன்னைப் போலவே முகமுள்ள இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான், விளக்கம் கிடையாது. இயக்குநர்கள் வாச்சாவ்ஸ்கிகள் ‘மேட்ரிக்ஸ்’ எடுக்கத் தயாரிப்பாளரிடம் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டிய கதை ஊருக்கே தெரியும்.

படத்தில் எனக்குள்ள குறை ஒன்றுதான். அதன் யோசனைகள் பெரும்பாலும் வசனமாக வருகின்றன. வண்டியில் போகும்போது டோகுசா கேட்கிறான்: உடம்பில் கருவி எதுவும் பெரிதாக இல்லாத, பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கும் சாதாரண போலீஸ்காரனான என்னை எதற்கு இந்தப் படையில் சேர்த்தீர்கள்? எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் அதுவே படையின் பலவீனமாகிவிடும் என்கிறாள் மேஜர். நல்ல பதில். ஆனால் படம் முடியும்வரை டோகுசாவுக்கு அந்தப் பதிலை நிரூபிக்க அதிக வாய்ப்பு கிடைப்பதில்லை. 82 நிமிடத்தில் எவ்வளவுதான் முடியும்?

தொடர் அதைச் செய்து காட்டுகிறது. நான்காவது எபிசோடில் டோகுசாவின் பழைய போலீஸ் நண்பர் ஒருவர் கார் விபத்தில் இறந்துபோகிறார். அவர் அனுப்பிவைத்த சில புகைப்படங்கள் மட்டும் கையில் இருக்கின்றன. பாட்டோவுக்கும் மற்றவர்களுக்கும் அதில் ஒன்றும் தெரியவில்லை. டோகுசா படங்களை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறான். கேமரா இருந்தாக வேண்டிய இடத்தில் கேமரா இல்லை. அப்படியென்றால் எடுத்தது யார்? புகைப்படத்தில் இருக்கிற போலீஸ்காரர்களின் கண்ணுக்குள்ளேயே அவர்களுக்குத் தெரியாமல் உளவுக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க அதிவேக மூளை தேவைப்படவில்லை, கால் தேயத் திரிந்த ஒரு துப்பறிவாளனின் சந்தேகம் தேவைப்பட்டது. படத்தில் மேஜர் ஒரு வரியில் சொன்னது இங்கே ஒரு வழக்காகிவிட்டது.

என் முடிவைத் தீர்மானித்தது இதுகூட இல்லை. வாங்கி வைக்கும் பொருள் என்றால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: மறுபடி பார்த்தால் தாங்குமா?

படம் தாங்கும், ஆனால் ஒரே விதமாக. இரண்டாம் முறையும் அதே மழை, அதே பாட்டு, அதே மயக்கம். கோவில் சிற்பத்தைத் திரும்பப் போய்ப் பார்க்கிற மாதிரி. போன தடவை பார்த்ததைத்தான் இன்னும் நிதானமாகப் பார்ப்போம். மாங்கா இரண்டாம் வாசிப்பில்தான் புரியவே ஆரம்பிக்கும், அது வேறு கணக்கு. தொடர் இரண்டாம் முறை பார்க்கும்போது வேறு தொடராகிவிடுகிறது.

முதல் சீசனின் மையமான ‘சிரிக்கும் மனிதன்’ வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது 2030இல். அதற்கு ஆறு ஆண்டுக்கு முன், நேரலைத் தொலைக்காட்சியில் ஓர் இளைஞன் செரானோ ஜீனோமிக்ஸ் என்ற நிறுவனத்தின் தலைவரைத் துப்பாக்கி முனையில் கேமரா முன்னால் இழுத்துவந்து உண்மையைச் சொல் என்கிறான். கேமராக்களிலும், சுற்றி நின்றவர்களின் இயந்திரக் கண்களிலும் அவன் முகத்துக்குப் பதில் தொப்பி போட்ட ஒரு சிரிப்புப் பொம்மைதான் தெரிகிறது. அத்தனை பேரின் பார்வையையும் அந்த நொடியிலேயே ஹேக் செய்திருக்கிறான். மூளையில் கருவி எதுவும் இல்லாத, தெருவில் வாழும் ஆட்கள் கண்ணில் மட்டும்தான் அசல் முகம் பட்டது. முதல் தடவை பார்க்கும்போது, யார் அவன் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். மறுதடவை, அவன் என்ன சொல்ல வந்தான், யாரெல்லாம் அவன் முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தங்கள் காரியத்தைச் சாதித்தார்கள் என்று பார்ப்போம். மருந்து நிறுவனங்கள், அரசியல்வாதிகள், போலீஸ் மேலிடம் எல்லாம் அந்தப் பொம்மையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அசல் யாரென்று தெரியாத நகல்கள் தாமாகவே பெருகுவதுதான் தொடரின் பெயரே சொல்லும் சங்கதி. 2002இல் எழுதியது இது. சமூக ஊடகத்தில் ஒரே படத்தை எல்லோரும் முகப்புப் படமாக மாற்றிக்கொள்ளும் காலம் இன்னும் வந்திருக்கவில்லை.

ஒன்பதாவது எபிசோடு இதற்கு நல்ல சோதனை. ஏறக்குறைய முழு எபிசோடும் ஒரு இணைய அரட்டை அறை. வட்டமாக உட்கார்ந்து சிரிக்கும் மனிதன் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்துச் சொல்கிறார்கள். சண்டை இல்லை, துரத்தல் இல்லை. பலர் தொடரை நிறுத்தும் இடம் இதுதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நானும் முதல் முறை கொட்டாவி விட்டேன். முழுக் கதையும் தெரிந்த பிறகு அதே எபிசோடைப் போட்டால், இவன் இதை எங்கே கேட்டான், இவள் ஏன் இதைச் சொல்லாமல் விட்டாள் என்று ஒவ்வொரு வாக்கியமும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. தவறான ஊகங்கள்கூட, ஊர் ஒரு சம்பவத்தை எப்படிப் புராணமாக்குகிறது என்பதற்குச் சாட்சி.

அப்புறம் டாச்சிகோமாக்கள். மாங்காவின் ஃபுச்சிகோமாவின் தொடர்ச்சி, கீச்சுக்குரலில் பேசும் நீலச் சிலந்தி டாங்கிகள். ஓஷீ படத்தில் இவற்றை அடியோடு விட்டுவிட்டார். அவர் படத்தின் மனநிலைக்கு அது சரியான முடிவாகவே இருக்கலாம். தொடரில் பாட்டோ தன் டாச்சிகோமாவுக்கு மட்டும் செயற்கை எண்ணெய்க்குப் பதில் இயற்கை எண்ணெய் ஊற்றுகிறான். செல்லம் கொடுக்கிறான், அவ்வளவுதான் என்று கடந்துபோவோம். கடைசிக்கு முந்தைய எபிசோடு வரை போய்வந்தவருக்கு அந்த எண்ணெய்க் குப்பி சாதாரணமாகத் தெரியாது. மனித மூளை இருந்தும் தனக்கு ஆன்மா இருக்கிறதா என்று படத்தில் மேஜர் கேட்டுக்கொண்டிருக்க, இங்கே மூளையே இல்லாத இயந்திரங்கள் கேட்காமலே அதைக் காட்டிவிடுகின்றன.

தனி எபிசோடுகளும் இருக்கின்றன. இரண்டாவதில் ஒரு சோதனை டாங்கி கட்டுப்பாடு மீறி ஊருக்குள் ஓடுகிறது. அதை வடிவமைத்து நோயில் இறந்துபோனவனின் மூளைதான் உள்ளே. மத நம்பிக்கையால் அவனுக்கு இயந்திர உடம்பு வேண்டாம் என்று மறுத்த பெற்றோரின் வீட்டை நோக்கிப் போகிறான். மேஜர் கடைசி நொடியில் அவன் மூளையை எரித்து நிறுத்துகிறாள். அந்த ஒரு கணத்தில் அவளுக்கு உள்ளே கேட்டது, என் இரும்பு உடம்பைப் பார் அம்மா என்பது போன்ற ஏதோ. பழிவாங்க வந்தானா, காட்டிப் பெருமைப்பட வந்தானா? அவளுக்கே தெரியவில்லை.

இரண்டாவது சீசனான ‘செகண்ட் கிக்’ பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். நாகசாகியின் தெஜிமாவில் அகதிகள், அவர்களை ஓட்டுக்காகவும் போருக்காகவும் பயன்படுத்தும் உளவுத்துறை, குஸே என்ற புரட்சிக்காரன் என்று கனமான அரசியல். கதைக் கருவில் ஓஷீயும் பங்கெடுத்தார். இதுதான் உச்சம் என்று சண்டை போடும் ரசிகர்கள் உண்டு. நான் இன்னும் திரும்பப் பார்க்கவில்லை, அதனால் என் சோதனையை அது எழுதவே இல்லை.

மற்றவற்றை வேகமாக முடிக்கிறேன். 2004இன் ‘இன்னசென்ஸ்’ மட்டும் ஓஷீ படத்தின் நேரடித் தொடர்ச்சி. அழகு அதிகம், மேற்கோள் அதைவிட அதிகம். 1995 படத்துக்கு 2008இல் வந்த ‘2.0’ பதிப்பை முதலில் பார்த்துவிடாதீர்கள்: சில காட்சிகளைக் கணினி வரைகலையில் மாற்றி, பச்சை நிறத்தைப் பழுப்பாக்கி வைத்திருக்கிறார்கள். ‘அரைஸ்’ முழுதாகப் பார்க்கவில்லை. பார்த்தவரை துப்பறியும் கதையாக ஓடுகிறது, மேஜரின் இளமைக்கால முரட்டுத்தனம் நன்றாக இருக்கிறது. அதில் மேஜருக்குக் குரல் கொடுத்த மாயா சகாமோட்டோதான் 1995 படத்தின் முடிவில் சிறுமி உடம்பில் வரும் மேஜருக்கும் குரல் கொடுத்தவர். நெட்ஃபிளிக்ஸ் தொடரில் காமியாமாவும் பழைய குரல்களும் திரும்பினாலும், பொம்மை போன்ற முகங்கள் என்னை வெளியே தள்ளின. ஹாலிவுட் படத்தில் ஜப்பானிய மேஜராக ஸ்கார்லெட் ஜோஹான்சனைப் போட்டதைப் பற்றி அப்போதே நிறையச் சர்ச்சை நடந்தது. எனக்கு அதைவிடப் பெரிய குறை, என்னிடமிருந்து என்னைத் திருடிவிட்டார்கள் என்று தேடும் மேஜர். மற்ற வடிவங்களில் அவள் இழந்ததைத் தேடுகிறவள் இல்லை. இருப்பதைத் தாண்டிப் போகப் பார்க்கிறவள்.

ஒரு ராத்திரிதான் இதற்கு ஒதுக்க முடியும் என்றால் ஓஷீ படத்தைப் பாருங்கள், யோசிக்கவே வேண்டாம். படம் வரைகிறவர் என்றால் மாங்காவை வாங்குங்கள், நின்று நின்று பார்க்க ஏராளம் இருக்கிறது. தொடர் என்று முடிவு செய்தால் ஜப்பானியக் குரலில், முதல் எபிசோடிலிருந்தே வரிசையாகப் போங்கள். சிரிக்கும் மனிதன் எபிசோடுகளை மட்டும் பொறுக்கியெடுத்த பட்டியல்கள் சுற்றுகின்றன, அவற்றை நம்பி நடுவில் உள்ளதைத் தாண்டினால் அந்த எண்ணெய்க் குப்பி தப்பிவிடும். ஒன்பதாவதில் தூக்கம் வந்தால் தூங்கிவிட்டு, மறுநாள் பத்தாவதைப் போடுங்கள்.