கோபியில் ஒரு மிக்ஸியைக் காப்பாற்றிய கதை

ஆடி மாதம் மூன்று வார விடுமுறையில் கோபிசெட்டிபாளையம் போயிருந்தேன். மான்செஸ்டரிலிருந்து நான் வந்தால் அம்மா முதலில் செய்வது சந்தகைதான். புழுங்கலரிசி மாவை ஆட்டி, வேகவைத்து, சூட்டோடு பிழிந்து, மேலே வெல்லம் போட்ட தேங்காய்ப்பாலை ஊற்றித் தருவார். அன்றைக்கும் தேங்காய்ப்பால் ஒரு போசி நிறைய மேடை மேல் இருந்தது. என் மகன் எட்டி ஏதோ எடுக்கப்போய், போசி அப்படியே மிக்ஸி மேல் கவிழ்ந்தது.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். காற்றுத் துவாரங்கள் வழியாக வெள்ளையாகப் பால் ஒழுகியது. எதிர் வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, "தொடச்சுட்டு ஒருக்கா ஓட்டிப் பாரு கண்ணு, ஓடுனா சரியாப் போச்சு" என்றார். நான் விடவில்லை. சில வருடங்களுக்கு முன் மான்செஸ்டரில் சாம்பார் கொட்டிய மிக்ஸியை அப்படித்தான் துடைத்துவிட்டு உடனே போட்டுப் பார்த்தேன். ஒரு உறுமல், புகை, அவ்வளவுதான். திறந்து பார்க்க ஆள் கிடைக்காமல் அதை மறுசுழற்சி மையத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். பிரிட்டனில் பழுதுபார்க்கும் உரிமை என்று 2021 ஜூலையில் விதி வந்தது. வாஷிங் மெஷின், பிரிட்ஜ், பாத்திரம் கழுவும் மெஷின், டிவி எல்லாம் அதில் உண்டு. மிக்ஸி போன்ற சின்னச் சாமான்கள் இல்லை.

ஒரு மணி நேரத்துக்குள் எறும்பு வந்துவிட்டது. சுவரோரமாக ஒரே வரிசையாக வந்து மிக்ஸியின் அடித்துவாரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், வெறுமனே காய வைத்தால் போதாது என்பது உறைத்தது. தண்ணீர் என்றால் காய்ந்து போகும். வெல்லமும் தேங்காய் எண்ணெய்ப் பசையும் காய்ந்தாலும் உள்ளேயே இருக்கும். காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினால் அந்தப் பிசுக்கு வழியாகவே மின்சாரம் கசியும்.

மிக்ஸி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. மோட்டாருக்கு வாரண்டி இருந்தது. கம்பெனியின் இலவச எண்ணுக்குக் கூப்பிட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் திரவம் உள்ளே போனால் வாரண்டி கிடையாது, ஆள் வர நான்கு வேலை நாள் ஆகும், "மோட்டார் மாத்த வேண்டி வரும் மேடம், 2,400 ரூபாய் ஆகும்" என்றார். வாரண்டி இல்லை என்பது நியாயம், கொட்டியது நாங்கள்தானே. மூடியைக்கூடத் திறக்காமல் மோட்டாருக்கு விலை சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வெளிக்கடையில் திறந்தால் மீதி வாரண்டியும் போய்விடும் என்று தெரிந்தேதான் அம்மாவும் நானும் மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றித் தரும், காயில் கட்டும் கடைக்குக் கிளம்பினோம்.

கொங்கு நாட்டில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும், ஊருக்கு ஊர் தறி. வோல்டேஜ் ஏறி இறங்கினால் காயில் போகும். போனதைத் தூக்கிப் போட்டால் வெள்ளாமை நிற்கும், அதனால் கட்டித்தான் ஆக வேண்டும். கோயமுத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊர். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கோபி கடைக்காரரும் பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அலமாரியில் 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸிகள் ஏழெட்டு, துண்டுச் சீட்டில் பெயர் எழுதி வரிசையாக இருந்தன. இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஓட்டிப் பாத்தீங்களா அம்மணி?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இல்லீங்கண்ணா."

"அப்பப் பொழச்சுக்கும்."

அடியிலிருந்த நான்கு ஸ்குரூவைக் கழற்றினார். புளித்த வாடை எழுந்தது. மோட்டாரில் சுழலும் பாகமான ஆர்மேச்சர் மேல் பால் ஏடு மாதிரிப் படிந்திருந்தது, அதில் எறும்புகள். காயிலின் ஒரு முனையிலும் மோட்டாரின் இரும்பிலும், மின்கசிவுக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று காட்டும் மெக்கரின் ஒயர்களை மாட்டி, கைப்பிடியைச் சுற்றினார். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. "இதுல கரண்ட் விட்டிருந்தா இந்நேரம் கருகியிருக்கும்" என்றார்.

பிறகு நடந்ததைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டையும் வெளியே எடுத்தார். பால் ஊறி ஒன்றின் ஓரம் உதிர்ந்திருந்தது. காயிலைப் பெயின்ட் பிரஷ்ஷால், வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரில் நாலைந்து தடவை கழுவினார். மோட்டாரைத் தண்ணீரில் கழுவுவதா என்று எனக்குப் பதறியது. "சர்க்கரை தண்ணிலதான் கரையும் அம்மணி. தின்னர் போட்டா வார்னிஷ் உரிஞ்சுரும்" என்றார். அந்த பிரஷ்கள் உரசும் கம்யூட்டேட்டரை நைசான உப்புத்தாளால் தேய்த்து, செம்புக் கட்டைகளுக்கு நடுவே இருந்த பிசுக்கை ஊசியால் ஒவ்வொரு கோடாக எடுத்தார். எமரித் தாள் கூடாதாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும். எடுக்க எடுக்க அந்தச் செம்பு புதுக்காசு மாதிரி மின்னியது. அந்த நிதானத்தைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

காய வைப்பதற்கு வெயிலை அவர் நம்பவில்லை. ஆடிக் காற்றில் புழுதி வந்து ஒட்டும் என்றார். தகரப் பெட்டி ஒன்றுக்குள் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, மோட்டாரை உள்ளே வைத்து, காற்றுப் போக ஒரு சந்து விட்டு மூடினார். ராத்திரி முழுக்க அந்தச் சூட்டிலேயே இருக்க வேண்டும்.

எங்கள் மாடலுக்கான கார்பன் பிரஷ் அவரிடம் இல்லை. ஈரோட்டுக் கடைக்குப் போன் போட்டார். மறுநாள் காலையில் பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். கடைப் பையன் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் போய் வாங்கிவந்தான்.

பொழுதோட நாங்கள் போனபோது மெக்கரின் முள் நன்றாக மேலே ஏறி நின்றது. குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும், அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அப்போதும் அவர் நேராகக் கரண்ட் கொடுக்கவில்லை. கரண்ட் பல்பு வழியாகவே மோட்டாருக்குப் போகிற மாதிரி ஒரு 200 வாட் பல்பைச் சீரிஸில் போட்டுத்தான் சுவிட்சைத் தட்டினார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு எரியும், மோட்டார் தப்பித்துவிடும். பல்பு மங்கலாகச் சிவந்தது, மோட்டார் மெதுவாகச் சுற்றியது. அம்மா முகத்தில் சிரிப்பு. மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடி, நேர் கரண்டில் ஓட்டிக் காட்டினார்.

மொத்தம் 450 ரூபாய், கார்பன் பிரஷ் சேர்த்து. மேலே ஒரு நூறு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்கு மிக்ஸியைத் திருப்பி, ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் பக்கத்திலிருந்து அடிக்குப் போகும் சின்ன வடிகால் துளையைக் காட்டினார். அது காய்ந்த மாவால் அடைத்திருந்தது. மேலே சிந்துவது அந்த வழியாக வெளியே போகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அது அடைத்ததால்தான் இவ்வளவு பால் மோட்டாரில் இறங்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடச் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்ததும் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி மிக்ஸி பக்கத்தில் செருகிவைத்தார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மறுபடி அவர் கடைக்குப் போனேன். மான்செஸ்டரில் இப்போது இருக்கும் மிக்ஸியின் படத்தைக் காட்டி, அதற்கு ஒரு ஜோடி கார்பன் பிரஷ்ஷும் ஒரு கப்ளரும் வாங்கிக்கொண்டேன். கப்ளரை எந்தப் பக்கம் திருகிக் கழற்ற வேண்டும் என்று தினத்தாள் ஓரத்தில் அம்புக்குறி போட்டு, அதிலேயே சுற்றிக் கொடுத்தார்.