பைபாசுக்குப் பிறகு: கண்டியில் அறையா, திருகோணமலையில் வீடா?

கண்டியில் அப்பாவுக்கு இதய பைபாஸ் முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டியதும் எங்களுக்குள் இரண்டு கட்சி. உடனே திருகோணமலைக்குப் போய்விடலாம் என்பது அம்மாவின் கட்சி. முதல் கிளினிக்வரை வைத்தியசாலைக்குக் கிட்ட அறை எடுத்து நிற்கலாம் என்பது என் கட்சி. அறையில்தான் நின்றோம். திரும்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வீட்டின் வசதி தெரிந்ததுதான்: வாடகையில்லை, சொந்தக் கட்டில், உப்புக் குறைத்த சாப்பாடு. பார்க்க வரும் சனத்தை நன்மையில் சேர்ப்பதா தொல்லையில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. அறை காசைத் தின்னும்.

எனக்குப் பயம் நெஞ்சுத் தையலில் இல்லை, வயிற்றில். இதய ஓப்பரேசனுக்குப் பின் இரைப்பை, குடலில் பெரிய சிக்கல் வருவது நூற்றில் ஓரிருவருக்குத்தான். வந்தால் பிழைப்பது கஷ்டம். எழுபது தாண்டியவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், முன்பு அல்சர் இருந்தவர்கள், அவசரமாகச் செய்யப்பட்டவர்கள், பம்பிலும் (ஓப்பரேசனில் இதயத்துக்குப் பதிலாக இரத்தத்தை இறைக்கும் மெசின்) வென்டிலேட்டரிலும் நெடுநேரம் கிடந்தவர்களுக்கு ஆபத்து கூட. இதயம் பலமாக இறைக்காதபோது உடம்பு மூளையைக் காப்பாற்றப் பார்க்கும், குடலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். துடிப்பு தாறுமாறானால் இதயத்தில் உறைந்த கட்டி ஒன்று போய்க் குடல் நாடியை அடைக்கலாம். அப்போது வலி உயிர் போகும், ஆனால் தொட்டால் வயிறு இறுகாமல் மென்மையாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் அதை 'காஸ்' என்று சொல்லி வேர்க்கொம்புக் கோப்பி கொடுப்பார்கள். நெஞ்சு நோவுக்கு யாராவது பாமசியில் டைக்ளோபெனக் என்ற நோக் குளிசை வாங்கிக் கொடுத்தால், பைபாசுக்குப் பின் குடிக்கும் அஸ்பிரினோடு சேர்ந்து இரைப்பையைப் புண்ணாக்கும்.

அப்பாவுக்கு வயது, கூடிய கிரியேட்டினின் (சிறுநீரகப் பழுதைக் காட்டும் இரத்த அளவு), பழைய அல்சர் மூன்றும் இருந்தன. ஓரிரவு மலம் கறுப்பாகப் போனது. டோர்ச் அடித்துப் பார்த்தோம். இரும்புக் குளிசையாலும் கறுக்கும். தார்போல ஒட்டி, துர்நாற்றம் அடித்தால்தான் இரத்தக் கசிவென்று வாட்டில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதற்றத்தில் எங்களுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. முச்சக்கர வண்டி பிடித்துப் போனோம், பார்த்துவிட்டு இரும்பின் வேலை என்றார்கள். திருகோணமலையிலிருந்து என்றால் வழியில் ஹபரணைக் காட்டில் ராத்திரி யானைக்குப் பயந்தே விடியட்டும் என்று இருந்திருப்போம்.

வயது குறைந்து, திட்டமிட்டுச் செய்து, சிறுநீரகமும் நல்லாயிருந்தால் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வரலாம், சரி. வால்வு மாற்றியவர்களுக்கு வாபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை) கணக்கு வேறு. எங்கள் அனுபவம் பைபாசோடு நிற்கிறது.