தீபாவளி விருந்துக்கு எந்தப் படம்: ‘தி பார்ட்டி’யா, காமேஸ்வரனா?

விருந்து நடக்கும்போது டிவியில் ஓட ஒரு படம் வேண்டும், அதுவும் விருந்தில் நடக்கும் ரகளையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் முடிவாயிற்று. ‘தி ஹேங்ஓவர்’ (2009) உடனே கழிந்தது. பிள்ளைகள் முன்னால் போட முடியாது. தவிர அதில் கூத்தே காட்டுவதில்லை, மறுநாள் காலைதான்.

மிஞ்சியது இரண்டு. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) எனக்கு உயிர். சாம்பாரில் மீன் விழும் இடத்தை எப்போது போட்டாலும் சிரிப்பேன். ஆனால் அது காதால் பார்க்க வேண்டிய படம். கமல் சமையற்காரர் காமேஸ்வரனாகப் பாலக்காட்டுத் தமிழில் இழுக்க, கிரேஸி மோகன் வசனம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒரு வரி தவறினால் அடுத்த மூன்றும் போச்சு.

சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் தீபாவளியன்று எந்த வரி காதில் விழும்? கதவு திறந்தே கிடக்கும். யாராவது உள்ளே வருவார்கள், “சாப்பிட்டாச்சா?” தொடங்கும், முறுக்குத் தட்டு திரைக்குக் குறுக்கே போகும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சப்டைட்டிலைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு ஜோக் தாண்டியிருக்கும்.

அதனால்தான் பிளேக் எட்வர்ட்ஸின் ‘தி பார்ட்டி’ (1968). ஒரு விருந்துக்குத் தவறுதலாக அழைக்கப்பட்ட பீட்டர் செல்லர்ஸ், ஷூவில் ஒட்டிய சேற்றை வீட்டுக்குள் ஓடும் நீரில் கழுவப் போகிறார். ஷூ கை நழுவி மிதக்கிறது. கடைசியில் பலகாரத் தட்டில் வந்து சேர்கிறது. சாப்பாட்டு மேசையில் கோழி பறந்து ஒரு அம்மாளின் தலையில் உட்கார்கிறது. கடைசியில் யானை, வீடு முழுக்க நுரை. இதற்கெல்லாம் வசனம் எதற்கு? நடுவில் டிவி சத்தத்தைக் குறைத்தேன், யாரும் கேட்கவே இல்லை. ஆங்கிலம் தெரியாத எங்கள் சித்திதான் அதிகம் சிரித்தார்.

குறை உண்டு. தொடக்கம் மெதுவாகத்தான் நகரும். அன்று இருந்த பிள்ளைகள் எல்லாம் உயர்நிலைப் பள்ளி. அதைவிடச் சின்னவர்கள் பொறுமையாக இருப்பார்களா, சொல்ல முடியாது. அப்புறம், பக்ஷி என்ற இந்தியராக வர செல்லர்ஸ் முகத்தில் பூசிய அந்தப் பழுப்புச் சாயம். 2019-ல் இங்கே ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் முகத்தைக் கருமையாக்கி இந்தியராக வந்தது எவ்வளவு சர்ச்சையானது! செல்லர்ஸ் செய்ததும் அதேதான். அந்த வீட்டிலேயே மரியாதை தெரிந்த ஆள் பக்ஷி ஒருவர்தான் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. என் மகளுக்கு இல்லை. அந்த உச்சரிப்பு வந்தபோதெல்லாம் முகம் சுளித்தாள்.

ஆட்கள் கிளம்பி, தமிழ் மட்டும் மிஞ்சிய இரவு பத்து மணிக்குமேல் காமேஸ்வரனைப் போட்டுக்கொள்ளலாம்.