நிறை என்றால் திணிவா, எடையா? மலையகப் பிள்ளைகளுக்கான விஞ்ஞானப் புத்தகங்கள்

தமிழில் விஞ்ஞானம் படிக்கும் இலங்கை மலையகப் பிள்ளையின் கைக்கு மூன்று வகைப் புத்தகங்கள் வரலாம். ஒன்று, பாடசாலையில் இலவசமாகக் கொடுக்கும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல். இரண்டாவது, வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு தமிழ்நாட்டிலிருந்து வரும் ‘அறிவியல்’ புத்தகம். மூன்றாவது, டியூஷன் கையேடும் பாஸ் பேப்பர் எனும் கடந்தகால வினாத்தாள் தொகுப்பும். படம், அச்சு, தாள் என்று பார்த்தால் இரண்டாவதுதான் முந்தும். அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆனாலும் தரம் 6 முதல் 11 வரை படிக்கிற பிள்ளைக்கு நான் முதலில் கையில் கொடுப்பது அந்த இலவசப் பாடநூலைத்தான். காரணம் கலைச்சொல்.

இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் விஞ்ஞானச் சொற்கள் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே கலம், அங்கே செல். இங்கே இழையம், அங்கே திசு. ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கையாகும், மூலகம் தனிமமாகும், சேர்வை சேர்மமாகும், மீடிறன் அதிர்வெண்ணாகும். இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. புதுச் சொல்லைக் கண்டால் பிள்ளை ‘இது என்ன?’ என்று கேட்கும், ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்ளும்.

ஆளைக் கவிழ்ப்பது இன்னொரு வகை. சொல் ஒன்றே, பொருள் இரண்டு. பிள்ளைக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் சொல் ஏற்கெனவே தெரிந்த சொல்.

‘நிறை’யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாடநூலில் பொருளில் அடங்கிய சடத்தின் அளவு திணிவு. அதன் மீது புவி செலுத்தும் ஈர்ப்பு விசை நிறை. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் முதலாவதற்குப் பெயர் நிறை, இரண்டாவதற்கு எடை. ‘60 கிலோகிராம் திணிவுள்ள ஒருவரின் நிறை யாது?’ என்று கேட்டால், ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என எடுத்து 600 நியூட்டன் என்று எழுத வேண்டும். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ஊறிய பிள்ளை 60 கிலோகிராம் என்றே எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும். விஞ்ஞானம் தெரியும், புள்ளி கிடைக்காது.

‘வேகம்’ இதைவிட மோசம். இங்கே தூரத்தை நேரத்தால் வகுத்தால் கதி. இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் வேகம். அங்கே முன்னதுதான் வேகம், பின்னது திசைவேகம். வட்டப் பாதையில் ஒரு முழுச் சுற்று ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்தவரின் சராசரி வேகம் இங்கே பூச்சியம். அங்கே படித்த பொருளில் பார்த்தால் அந்த விடை அபத்தமாகத் தெரியும். இயக்கப் பாடம் முழுவதும் இந்த இரண்டு சொல்லில் நிற்பதால், ஒரு பிழை ஒரு வினாவோடு போகாது. வரைபின் சாய்வுக்குப் பெயர் வைக்கும் இடம் வரை தொடரும்.

இன்னும் மூன்று உண்டு. அமுக்கம் என்று நாம் சொல்வதை அங்கே அழுத்தம் என்பார்கள். நமக்கு அழுத்தம் மின்பாடத்தில் வரும் சொல். நமது வலு, அங்கே திறன். நாம் மூலம் என்பதை அவர்கள் காரம் என்கிறார்கள். நமக்குக் காரம் என்பது நீரில் கரையும் மூலம் மட்டும். செப்பு ஒட்சைட்டு மூலம்தான், ஆனால் நீரில் கரையாததால் காரம் அல்ல. இந்த வேறுபாட்டை வைத்தே பல்தேர்வு வினா ஒன்று கட்டலாம்.

ஆகவே கடையில் செய்யக்கூடிய சோதனை: விசை அல்லது இயக்கம் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து ‘ஆர்முடுகல்’, ‘திணிவு’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம் பாடத்திட்டச் சொல். ‘முடுக்கம்’ என்றிருந்தால் தமிழ்நாட்டு வழக்கு. ஒரே புத்தகத்தில் இரண்டும் மாறி மாறி வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கலந்து கட்டிய கையேடு முழுத் தமிழ்நாட்டுப் புத்தகத்தைவிட ஆபத்து. முதலாவதில் பிள்ளைக்கு எந்தச் சொல்லை நம்புவது என்றே தெரியாது, இரண்டாவதிலோ மாற்றிப் படிக்கவாவது முடியும்.

வாங்கியாயிற்று, அல்லது யாரோ அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்றால் வீச வேண்டாம். உள்ளட்டையில் பென்சிலால் ஐந்து வரி எழுதி வையுங்கள்: நிறை – திணிவு, எடை – நிறை, வேகம் – கதி, திசைவேகம் – வேகம், அழுத்தம் – அமுக்கம். இடப்பக்கம் புத்தகத்துச் சொல், வலப்பக்கம் நம் சொல். இதை எழுத வேண்டியது பிள்ளை, பெற்றோர் அல்ல.

தரம் 1 முதல் 5 வரை இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் கலைச்சொல் குறைவு. அந்த வயதுக்குத் தமிழ்நாட்டுப் படப் புத்தகங்களைத் தாராளமாக வாங்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை என்று அவற்றில் இருக்கும். மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்துப் பிள்ளை கொட்டும் மழையைப் பார்ப்பது வைகாசிக்குப் பிறகு, தென்மேல் பருவக்காற்றில். பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் மழை தரும். புத்தகத்தையும் ஜன்னலையும் ஒப்பிட்டுப் பேச அதுவே நல்ல சாக்கு. தரம் 5 ஸ்கொலஷிப் பரீட்சைக்கான மொடல் பேப்பர் கட்டுகளை விஞ்ஞானப் புத்தகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தரம் 6 முதல் 9 வரை பாடநூலோடு ஒரு செய்முறைப் புத்தகம் சேர்ந்தால் நல்லது. அதன் தரத்தை இரண்டு பக்கத்தில் அறியலாம். இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைத் தேடுங்கள். இலையை முதலில் நீரில் அவித்து, பிறகு மதுசாரத்தில் பச்சையம் நீக்கி, கழுவி, அயடீன் இட வேண்டும். மதுசாரத்தை நேரே சுவாலையில் வைக்காமல் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும் என்ற எச்சரிக்கை இல்லாத புத்தகம் வீட்டுக்கு வேண்டாம். மதுசார ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். மெல்லிய இலையை எடுக்கச் சொல்கிறதா என்றும் பாருங்கள். முற்றிய தேயிலை தடிப்பு, நிறம் எளிதில் போகாது.

இரண்டாவது பக்கம் கொதிநிலை. ‘நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும்’ என்று சொல்லி நிறுத்தும் புத்தகம் மலையகத்துக்குப் போதாது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வளியமுக்கம் குறைவு. அங்கே நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். இதைச் சொல்லாத புத்தகத்தை நம்பிய பிள்ளை, வெப்பமானி பழுது என்று எழுதிவிடும்.

ஓ.எல். வகுப்புக்கு, அதாவது தரம் 10, 11க்கு, பாடநூலின் இரண்டு பகுதிகளும் ஒரு பாஸ் பேப்பர் தொகுப்பும் போதும். தொகுப்பில் பார்க்க வேண்டியது விளக்கம். முதலாம் தாளின் 40 வினாவுக்கும் வெறும் இலக்க விடை மட்டும் அச்சிட்டிருந்தால் பிழைவிட்ட பிள்ளைக்கு ஏன் பிழை என்று தெரியாது. இரண்டாம் தாளுக்குப் புள்ளி எப்படிப் பிரிகிறது என்று காட்டும் தொகுப்பே பெறுமதி.

ஏ.எல்., அதாவது தரம் 12, 13, வந்ததும் என் தராசு கொஞ்சம் சாய்கிறது. அங்கே இலவசப் பாடநூல் இல்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்கள்தான் அடித்தளம். பௌதிகவியலுக்குத் தமிழ்நாட்டு 11, 12ஆம் வகுப்பு நூல்களைத் துணைக்கு வைக்கலாம். படங்கள் தெளிவு, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு தொகுதி. முழுவதையும் அச்செடுத்தால் செலவு எகிறும். தேவையான அலகை மட்டும் எடுப்பது புத்தி. உயிரியலுக்கு இதே தீர்ப்பை நான் அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். அங்கே சொல் வேறுபாடு பக்கத்துக்குப் பக்கம் வருவதால், தமிழ்நாட்டு நூலைவிட ஆங்கில நூலொன்றும் கலைச்சொற்றொகுதியும் உதவக்கூடும். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் எப்படியும் ஆங்கிலத்தில்தான்.

கடைசியாக, பனி. வழவழப்பான தாள் ஈரம் பட்டுக் காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது படத்தோடு கிழியும். பசையால் மட்டும் ஒட்டிய முதுகு இரண்டு மழைக்காலம் தாங்குவதே அரிது. நடுப்பக்கத்தை விரித்து நூல்தையல் தெரிகிறதா என்று பாருங்கள். லயத்துச் (தோட்ட வரிசை வீட்டுச்) சுவரோடு சேர்த்து அடுக்காமல் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். அடுப்புக்கு மேலே வேண்டாம், அங்கே புகையும் கரியும் படியும்.