ஒரே மீன், பல கூட்டங்கள்: காட் மீனைக் காக்க மூன்று வழிகள்

காட் மீன் நமக்குப் பெரும்பாலும் மீன் எண்ணெய் மாத்திரையாகத்தான் அறிமுகம். வட அட்லாண்டிக் கரையோர ஊர்களுக்கோ பல நூற்றாண்டுகளாக அதுதான் சோறு போட்டது. அந்த மீனில் உள்ளூர்க் கூட்டங்கள் உண்டு. ஒரு குடாவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே முட்டையிடுபவை அவை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்யும்போது இந்தக் கூட்டங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமா, மொத்தக் கணக்கு போதுமா? மூன்று கரைகளில் மூன்று விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

முதலாவது மொத்தக் கணக்கு. கனடாவின் லாப்ரடார் முதல் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய கிராண்ட் பேங்க்ஸ் என்ற ஆழம் குறைந்த கடலின் வடபகுதி வரை இருந்த காட் முழுவதையும் ஒரே இருப்பாக எண்ணி, ஆண்டுக்கு ஒரு பிடி அளவு வைத்தார்கள். நிர்வாகத்துக்கு இது சுலபம், செலவும் குறைவு. ஆனால் மீன் குறையக் குறைய, மிச்சமிருந்தவை சில இடங்களில் நெருங்கித் திரண்டன. பெரிய இழுவைக் கப்பல்கள் அங்கேயே போய் வலை போட்டதால் அவற்றின் பிடிபாடு குறையவில்லை, கணக்கும் நன்றாகவே தெரிந்தது. கரையோரச் சிறு மீனவர்கள் தங்களுக்கு மீன் வரவில்லை என்று 1980களிலேயே சொன்னார்கள். அவர்கள் பேச்சைக் காதில் வாங்கியிருந்தால் மீன் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1968 இல் சுமார் 8 லட்சம் டன் பிடித்த கடலில், 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அதற்குப் பிறகு அடர்த்தியான காட் கூட்டம் தென்பட்டது ஆழ்கடலில் அல்ல, டிரினிட்டி குடாவுக்குள் இருக்கும் ஸ்மித் சவுண்ட் என்ற ஒடுங்கிய நீர்ப்பகுதியில். கணக்கில் தனிப்பெயர் இல்லாத ஒரு மூலையில்தான் மீன் தங்கியிருந்தது.

இரண்டாவது, நார்வேயின் வடக்கே இருக்கும் லோஃபோட்டன் தீவுகளின் முறை. ஒவ்வொரு குளிர்காலமும் பாரன்ட்ஸ் கடலிலிருந்து ஸ்க்ரெய் எனப்படும் வலசை காட் இங்கே முட்டையிட வருகிறது. அதே நீரில் கரையோரக் காட்டும் இருக்கிறது. ஸ்க்ரெய் ஏராளம், கரையோரக் காட்டுக்கோ பாதுகாப்பு தேவை. மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லான செவிக்கல்லை வெட்டி உள் வளையங்களின் வடிவத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்கலாம் என்பது 1930களிலேயே தெரியும். இப்போது லோஃபோட்டனில் ஹென்னிங்ஸ்வேர் என்ற ஊருக்கு அருகே ஒரு பகுதியை மூடிவைத்து, மாதிரி மீன்களின் மரபணுவைச் சோதிக்கிறார்கள். ஒரு நாளுக்குள் முடிவு வந்துவிடும். ஸ்க்ரெய் போதிய பங்கு இருந்தால்தான் திறப்பார்கள். மீனவருக்கு வருமானமும் போகாது, உள்ளூர் மீனும் அழியாது. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் ஆய்வகமும் பணமும் வேண்டும். அப்புறம், அந்தச் சோதனை ஸ்க்ரெய்யையும் கரையோரக் காட்டையும் பிரிக்குமே தவிர, பக்கத்துப் பக்கத்துக் குடாக்களின் கூட்டங்களை அவ்வளவு எளிதாகப் பிரித்துக் காட்டாது.

மூன்றாவது, முட்டையிடும் இடத்தையே மூடுவது. நார்வேயின் தென்கரையில், மலைகளுக்கிடையே நீண்டு புகும் ஃபியோர்டுகளில், சில பத்து கிலோமீட்டர் இடைவெளியிலேயே காட் கூட்டங்கள் மரபணுவில் வேறுபடுகின்றன. முட்டைகள் பெரும்பாலும் அந்த ஃபியோர்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது ஒரு முக்கியக் காரணம். எனவே ஓரிடத்தில் அழிந்தால் பக்கத்திலிருந்து வந்து நிரப்பும் என்று நம்பியிருக்க முடியாது. இங்கே ஃப்ளோடேவிகன் என்ற இடத்தில் 1880களிலிருந்து 1971 வரை காட் குஞ்சு பொரித்துக் கடலில் விட்டார்கள். அதனால் மீன் பெருகியது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 1919 முதல் ஆண்டுதோறும் கரைவலை போட்டு இளமீன் எண்ணும் வேலை மட்டும் இன்றும் தொடர்கிறது. அந்த எண்ணிக்கையும் ஏமாற்றலாம்: வலையில் விழும் குட்டிகளில் வடகடலிலிருந்து வந்தவையும் உண்டு, வளர்ந்ததும் அவை கிளம்பிவிடும். குட்டி நிறைய இருக்கிறதே என்று உள்ளூர் மீன் கூட்டம் நலம் என எண்ணிவிடக் கூடாது.

2019 இல் ஸ்வீடன் எல்லையிலிருந்து நார்வேயின் டெலிமார்க் மாவட்டம் வரை கரையோரத்தில் காட் பிடிக்கவே தடை வந்தது, பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்களுக்கும் சேர்த்து. முட்டையிடும் இடங்களை ஜனவரி முதல் ஏப்ரல் முடிய மூடினார்கள். தூண்டில்காரர்களின் பங்கு பெரிதாக இருக்கும் இந்தக் கரையில், படகுகளுக்கு மட்டும் அளவு வைத்துப் பயனில்லை. இடத்தை மூடினால் எந்த மீன் எந்தக் கூட்டம் என்று தெரியாமலேயே அத்தனைக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது, அதுவே இந்த வழியின் பலம். பலவீனம், கூட்டம் மெலிந்த பிறகே மூடுகிறார்கள். ஒஸ்லோ ஃபியோர்டில் காட் இன்னும் தேறவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஆய்வக வசதி இல்லாத கரைக்கு மூன்றாவதையே சொல்வேன், ஆனால் மீன் இருக்கும்போதே மூட வேண்டும். எங்கே முட்டையிடுகிறது என்று கேட்டறிய உள்ளூர் மீனவர்கள் போதும். இரண்டு கூட்டங்கள் கலந்து வரும் இடத்தில் லோஃபோட்டன் முறை. மொத்தப் பிடி அளவும் வேண்டியதுதான், ஆனால் இவற்றுக்கு மேலே வைக்கும் உச்சவரம்பாக மட்டும்.